மயிலு போச்சு

அல்லிநகரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட இரண்டாம் வருஷம், பங்குனி மாதம், வீட்டுக்காரரும் நானும் ராமேசுவரம் போனோம். அங்கே பெரிய மீன் பிடிப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று, விடியற்காலையில் மீனவர்களோடு வள்ளத்தில் ஏறிவிட்டார். "கரைக்குப் பக்கத்துலதான், பயப்படாத" என்றார். ஆற்றையும் கண்மாயையும் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவள் நான்.

வலை பின்னிய ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியதும் வள்ளம் திரும்பியது. அதில் அவரைக் காணவில்லை. முன்னால் நின்றவர் கையை விரித்துக் கத்தினார்.

"மயிலு போச்சு! கைக்கு எட்டுன மயிலு கடலோட போச்சு!"

என் வீட்டுக்காரர் பெயர் மயில்சாமி.

புருஷன் பெயரை வாயால் சொல்லாத காலம் அது. நானோ முழங்கால் தண்ணீரில் இறங்கி, "மயில்சாமீ! மயில்சாமீ!" என்று கதறினேன்.

அந்தப் பெண் ஓடிவந்து பிடித்தாள். "ஏ புள்ள, மீனு போனதுக்கா இப்படி அழுவாக? முதுகுல தோகை வச்ச பெரிய மீனு, அதான் மயிலு! தூண்டில அத்துக்கிட்டுப் போயிருக்கு!"

அப்போதுதான் வள்ளத்துக்குள்ளிருந்து, வாந்தியெடுத்து வெளுத்த முகம் ஒன்று மெல்ல எழுந்தது.

"இங்கனதான கெடக்கேன். எதுக்கு என் பேரச் சொல்லி ஏலம் போடுற?"

கரையே சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அதன்பிறகு அவர் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. கூப்பிடத் தேவையில்லாமல் பக்கத்திலேயே இருந்தார். அன்று தப்பிப் போன அந்த மீனும் நல்லபடியாகப் பிழைத்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.