மூன்றாம் ஓலைக்கு முன்

எங்கள் அம்மா எதையும் எளிதில் நம்பியவர் அல்ல. தெருவில் அவருக்கு வைத்திருந்த பெயர் "சி.ஐ.டி. அம்மா". ஓராண்டு நினைவு மலரில் இதை மறைத்துவிட்டு, சாந்தமே உருவானவர் என்று எழுதினால், முதலில் சந்தேகப்படுகிறவர் அவராகத்தான் இருப்பார். நான் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரன். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது தம்மம்பட்டிப் பக்கம், ஒரு விவசாயக் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது நாமக்கல்லில், லாரி ஓட்டிய அப்பாவுக்கு. நானும் தங்கையும் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அப்பா காலமானார். அதன் பின் அம்மாவுக்குக் கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கும் வேலை. ஒவ்வொரு முட்டையையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, கீறலா, கலங்கலா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் எங்களையும் அதே பார்வைதான் பார்ப்பார். புதுப் பேனா ஏது, பக்கத்து வீட்டுக்காரர் எதற்கு மிட்டாய் கொடுத்தார், எல்லாவற்றுக்கும் விசாரணை உண்டு. சலித்துக்கொண்டால் சொல்வார்:

"நீங்க என்ற சொத்து இல்ல சாமி. ஆண்டவரு குடுத்து வெச்சிருக்கறாரு. நான் வெறும் உக்கிராணக்காரி, சாமான் ரூமக் காக்கறவ. உக்கிராணத்துல எலி பூந்தா மொதலாளி என்னையத்தான் கேப்பாரு."

தங்கைக்கு மேட்டூரிலிருந்து வரன் வந்தது. கம்பெனியில் வேலை பார்க்கும் பையன். அப்பாவும் மகனும் மட்டும்தான் வீட்டில், தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார் என்றார்கள். தங்கைக்குப் பையனை மிகவும் பிடித்துவிட்டது. பெண் பார்த்து முடித்ததும் மாப்பிள்ளையையே ஜெபிக்கச் சொன்னோம். நன்றாகத்தான் ஜெபித்தார். முடிக்கும்போது, தினமும் சொல்லிப் பழகிய வேகத்தில், "என்னைப் பெற்ற அம்மாவுக்கு இன்று நல்ல தூக்கத்தைத் தாரும்" என்று சொல்லி முடித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். அம்மா சொல்லவில்லை.

அவர்கள் போனதும் ஆரம்பித்தார். "ஏன்டா, நம்ம சபையில செத்தவங்களுக்கு ஜெபம் பண்ற வழக்கம் உண்டா?"

"பாசத்துல சொல்லியிருப்பாரும்மா."

"பாசம் சரி. செத்தவளுக்குத் தூக்கம் எதுக்கு?"

"போதும்மா. ஜெபத்துலகூடவா துப்புத் துலக்குவ?" என்று தங்கை எழுந்து போய்விட்டாள்.

கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு கோயில் ஆராதனையில் வாசிப்பது எங்கள் சபை வழக்கம். முதல் ஓலை வாசிக்கப்பட்டது. இரண்டாம் ஞாயிறு, இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டா என்று போதகர் ஐயா வழக்கம்போல் கேட்டுவிட்டு, வழக்கம்போல் பதிலை எதிர்பாராமல் கண்ணாடியைக் கழற்றினார். பெண்ணைப் பெற்றவரே எழுந்து நின்றார்.

"தடைன்னு இல்லீங்க ஐயா. ஒரு சந்தேகமுங்க."

கோயிலில் சிரிப்பு. தங்கை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனவள்தான், அன்று முழுவதும் சாப்பிடவில்லை. "என்ற கல்யாணத்த நீயே நிறுத்திப்போட்டியே" என்றாள்.

"நிறுத்தல கண்ணு. பாத்துப்போட்டு வாரேன்," என்றார் அம்மா.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு மேட்டூருக்குப் பஸ் ஏறினார். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினோம். மாப்பிள்ளையின் அப்பா திறந்தார், திறந்த கதவைப் பாதி மூடினார். உள்ளறைக் கட்டிலில் ஓர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். பல வருடமாக மனநலம் சரியில்லாதவர். சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை தலை குனிந்து நின்றார். இதை அவர்கள் எல்லோருடைய சம்மதத்தோடும்தான் எழுதுகிறேன்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டார் அந்த அம்மையார்.

அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நான் உங்க சம்பந்தியா ஆகலாமான்னு பாக்க வந்தவளுங்க."

பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினார். "பெத்தவளுக்கு நோவு வந்தது உங்க தப்பில்லீங்க தம்பி. உசுரோட இருக்கறவளச் செத்துப்போனான்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் தப்பு. அவுங்களும் ஆண்டவரு உங்க கையில குடுத்து வெச்சவங்கதான். இனி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். என்ற புள்ள சொல்லட்டும்."

தங்கை ஒரு நாள் யோசித்தாள். பிறகு மாப்பிள்ளையிடம் போனில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "கல்யாணத்துக்கு அத்தை எந்தக் கலர் சேலை கட்டுவாங்க?" மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. நல்ல மருத்துவமும் மருந்தும் தொடர, கல்யாணத்தன்று அத்தை முன் வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

சென்ற ஆண்டு அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அல்சர் என்று சொல்லி வைத்தோம். அவரிடமா நடக்கும்?

"ஏன் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே உள்ள வாறீங்க? ஆஸ்பத்திரியில யாரு சிரிப்பாங்க?" என்பார். மாத்திரையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

ஒரு நாள் அத்தை பார்க்க வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகச் சொன்னார்: "சம்பந்தி, உங்களுக்குப் புத்துநோயாமுங்க. எல்லாரும் வெளிய போயி அழுவறாங்க."

அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருத்தராச்சும் சொன்னீங்களே," என்றார். அதன் பின் எங்களில் யாரையும் அவர் சந்தேகப்படவில்லை. அமைதியாகவே போனார்.

அம்மாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், உடன் நின்ற போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும், கண் விழித்துப் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்து வீட்டில் ஜெபித்தபோது, யாரும் கேட்காமலே அவர் எழுந்து, "ஆண்டவரே, எங்க சம்பந்திக்கு நல்ல தூக்கம் குடுங்க" என்றார்.

எங்கள் சபையில் அப்படி ஜெபிக்கிற வழக்கம் இல்லை. போதகர் ஐயாதான் முதலில் ஆமென் சொன்னார்.