பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

போன வாரம் தேவாரத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் மகன் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறான். "அத்தை, நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்று போனில் கூப்பிட்டான். என் வார்த்தையைக் கேட்டு இதுவரை ஒருவரும் கோழிக்கூண்டுகூடக் கட்டியதில்லை. ஆனாலும் கூப்பிட்ட மரியாதைக்குத் தேனியில் பஸ் ஏறினேன். கூடத்தில் இளவயசு இன்ஜினியர் ஒருவர் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருந்தார். செங்கல் சுவரா, மரச்சட்டம் நாட்டி அதில் பலகை அடிக்கிற புதுமாதிரிச் சுவரா, இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் வேலையை ஆரம்பிக்கலாம் என்றார். மாதிரிக்கு ஒரு மரத்துண்டை என் கையில் கொடுத்தார். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பது என் பழக்கம். புடவைக்கடையில்கூட இதற்காகப் பேச்சு வாங்கியிருக்கிறேன். முகர்ந்தேன். அறுத்த மரத்தின் வாசம் வந்ததும் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். மதினியின் (அண்ணன் மனைவியின்) பலகை அறை இன்னும் அங்கேயே நின்றது.

அந்த அறைக்கு முன்னால் செங்கல்லைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அய்யா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஊருக்கு மேற்கே காளவாசல் வைத்திருந்தார். கண்மாய் மண்ணைக் குழைத்துக் கல் அறுத்து, காயவைத்து, அடுக்கி, விறகு மூட்டி வேகவைக்கிற சூளை. வீட்டில் சோறு வெந்ததா என்பதைவிட அங்கே கல் வெந்ததா என்பதுதான் அவருக்குப் பெரிது. இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். கணீரென்று கேட்டால் அன்றைக்கு எங்களுக்குச் சேவும் சீனிமிட்டாயும் வரும். மொத்தென்று கேட்டால் அம்மா வைத்த குழம்பில் உப்புக் கூடிவிடும். எங்கள் வீட்டுச் சுவர் அவரே பொறுக்கி எடுத்த கல்லால் கட்டியது. ஒன்றரைக் கல் கனம். ஆணி அடித்தால் ஆணிதான் மடங்கும். அதனால் எங்கள் வீட்டில் காலண்டர் எப்போதும் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும்.

அந்தச் சுவர் மழைக்கும் திருடனுக்கும் அசையாது. ஆனால் சத்தத்தையும் விழுங்கிவிடும். இந்த அறையில் நான் விழுந்து எழுந்தால் அடுத்த அறையில் அம்மாவுக்குத் தெரியாது. சித்திரையில் பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் படுக்கும் நேரம் பார்த்து நம்மேல் விடும். அதைச் சொன்னால் அய்யாவுக்குக் கோபம் வரும். பெண்ணைக் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வார், கல்லைக் குறை சொல்லக் கூடாது.

மதினி மலையில் வளர்ந்தவள். கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குள் அவர்கள் வீடு. முழுக்கப் பலகை. அங்கே செங்கல்லை யார் சுமந்து ஏற்றுவது? மரமோ வாசலிலேயே நிற்கிறது. அதோடு, வருஷத்தில் பாதி மழை. கல்சுவர் கட்டினால் நனைந்த சாக்கு மாதிரி ஊறிக்கொண்டே கிடக்கும், பலகையானால் ஒரு வெயில் போதும். அண்ணனுக்கு நிச்சயம் பேசப் போன அன்றைக்கு அங்கேயே தங்கினோம். எங்கள் வீட்டில் படுத்ததும் பேச்சு முடியும். அந்த வீட்டில் படுத்த பிறகுதான் ஆரம்பித்தது. இந்த அறையில் அவள் அப்பா இருமினார். அந்த அறையிலிருந்து, "சுக்குத்தண்ணி வேணுமாப்பா?" என்றாள் மதினி. மூன்றாவது அறையிலிருந்து, "எனக்கும் ஒரு கிளாஸ்" என்று ஒரு குரல். அய்யா மெதுவாக, "இது வீடா, பெட்டியா? தும்முனா மலைக்கே கேக்கும் போல" என்று முணுமுணுத்தார். அதற்கும் பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

வைகாசியில் கல்யாணம். மதினி எங்கள் கல்சுவருக்குள் வந்தாள். எங்கள் வீட்டில் மாமனார் மருமகளோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. மரியாதை என்று பெயர். பேச வேண்டியது இருந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். படிப்பை முடித்துவிட்டு டீச்சர் வேலைக்குக் காத்திருந்த காலம். சர்க்கார் கொடுக்காத வேலையை வீட்டில் கொடுத்திருந்தார்கள். மதினி நாலு தப்படி தள்ளி நிற்பாள். அய்யா என்னைப் பார்த்து, "ஆத்தா, கஞ்சி ஆயிருச்சான்னு கேளு" என்பார். நான் திரும்பி, "மதினி, கஞ்சி ஆயிருச்சான்னு கேக்குறாக" என்பேன். "ஆயிருச்சுன்னு சொல்லு புள்ள." நான் மறுபடி திரும்பி, "ஆயிருச்சாம், உங்களுக்குன்னே தொவையல் அரைச்சு வச்சிருக்காகளாம்" என்பேன். துவையல் என் சொந்தச் சரக்கு. மதினி பதறிப்போய் அம்மிக்கு ஓடுவாள்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பினோம். ஆடி முடிந்தது. ஆவணியில் அண்ணன் கூப்பிடப் போனான், தனியாகத் திரும்பினான். பத்து நாள் கழித்து மறுபடி போனான், மறுபடியும் தனியாக வந்தான். சட்டைப் பையில் அவளுக்கென்று வாங்கிக்கொண்டு போன கதம்பம் அப்படியே வாடிக் கிடந்தது. தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. அம்மா அவனைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள்.

"அவளுக்கு நம்ம யார் மேலயும் கோவம் இல்லம்மா" என்றான் அண்ணன். "கதவைச் சாத்துனா கெணத்துக்குள்ள எறங்குனாப்புல இருக்குங்குறா. அங்கன ஒருத்தர் பொரண்டு படுத்தாக்கூட கேக்குமாம். இங்கன ஆளிருந்தும் ஆளில்லாத வீடுங்குறா. நான் வேணா மேல போயி அவுக தோட்டத்துலயே இருந்துக்கிறேன்."

அவன் ஒரே மகன். காளவாசலை அவனை நம்பித்தான் அய்யா வைத்திருந்தார். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். நானும் அம்மாவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அம்மாதான் ஆரம்பித்தாள். "கொல்லையில எடம் கெடக்கு. அந்தப் புள்ளைக்கு ஒரு பலகை ரூம்பு போட்டுக் குடுத்தா என்ன?"

"காளவாசக்காரன் மகன் பலகைக்குள்ள படுத்தான்னா, நாளைக்கு எவன் எங்கிட்ட கல்லு வாங்குவான்?"

"கல்லுக்கு வாக்கப்பட்டது நான் ஒருத்தி போதும்" என்றாள் அம்மா.

அய்யா எத்தனையோ சண்டையில் ஜெயித்தவர். அன்றைக்கு எழுந்து காளவாசலுக்குப் போய்விட்டார். சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டே, "தெருவுல இருந்து தெரியக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

மதினியின் அப்பா லாரியில் பலகையும் இரண்டு ஆசாரிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த வேலையைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. கல்வீடு கட்டுவது தரையிலிருந்து மேலே ஏறுகிற வேலை. நல்ல நாள் பார்த்து வாசல் நிலையை நிறுத்துவோம், அதைப் பிடித்துக்கொண்டு சுவர் வரி வரியாக ஏறும், தண்ணீர் ஊற்றி ஊற்றி இறுக விடுவோம், கூரை கடைசியில். இவர்களோ சட்டங்களை நாட்டி, குறுக்குக்கட்டை பூட்டி, நேரே கூரையைப் போட்டுவிட்டார்கள். சுவரே இல்லாத வீட்டுக்கு நிழல் வந்துவிட்டது. "தலையை வச்சுட்டு ஒடம்பைத் தேடுறானுக" என்றார் அய்யா. குங்குமச் சிமிழோடு வந்த அம்மாவுக்கும் குழப்பம். "இதுல எந்தக் கட்டை நெலை? எதுக்குப் பொட்டு வைக்க?" என்றாள். சம்பந்தி சிரித்தார். "எல்லாத்துக்கும் வச்சிருங்க தங்கச்சி. இதுல எல்லாமே நெலைதான்." அம்மா எல்லாவற்றுக்கும் வைத்தாள். சிமிழ் காலியாகிவிட்டது.

பலகைகள் மலைமழையில் ஊறியவை. ஆசாரிகள் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல நெருக்கி அடித்தார்கள். "மழைக்கு ஊதிக்கிரும், இடுக்கே தெரியாது" என்றார் சம்பந்தி. மலையில் அது சரி. எங்கள் ஊரில் மழையா பெய்கிறது? கணவாய் வழியாக வருகிற காற்றல்லவா அடிக்கிறது! பச்சைக்கல் காயும்போது சுருங்கும் என்று தெரிந்த அய்யாவுக்குப் பச்சைப்பலகையும் சுருங்கும் என்று தெரியாமலா இருக்கும்? வாய் திறக்கவில்லை. 'அவுக வேலை, அவுக பாடு' என்று நினைத்தாரோ என்னவோ.

மதினி திரும்பி வந்தாள். நாங்களும் மூச்சு விட்டோம். மாசி பிறப்பதற்குள் பலகைக்குப் பலகை இடுக்கு விட்டுவிட்டது. என் சுண்டுவிரல் போகும். காற்றடித்தால் அறை விசிலடித்தது, சூளைத் தூசி உள்ளே வந்து தலையணையில் படிந்தது. தனக்காகப் போட்ட அறையும் இப்படி ஆயிற்றே என்று மதினி குன்றிப்போனாள். யார் என்ன கேட்டாலும், "சாரமில்ல" என்பாள். மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். அவள் அதைச் சொல்கிற விதத்திலேயே அது நிஜமில்லை என்று எனக்குத் தெரியும். ஊர் மறுபடி காதைத் தீட்டிக்கொண்டது. இந்த முறை போனால் வரமாட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் காலையில் நான் கொல்லை வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அய்யா வேப்பமரத்தடியில், பலகை அறையை ஒட்டிக் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் மதினிக்கு மலையிலிருந்து ஏலக்காய்ப் பொட்டலம் வந்திருந்தது. அதைப் பிரித்தாள் போலிருக்கிறது. இடுக்கு வழியாக முதலில் அந்த வாசம் வந்தது. பிறகு அவள் அழுகிற சத்தம் வந்தது. கல்சுவராக இருந்திருந்தால் இரண்டும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அய்யா என்னைப் பார்த்தார். "ஆத்தா..." என்று வாயெடுத்தார். என் உத்தியோகம் வந்துவிட்டதே என்று முறத்தை வைத்துவிட்டு எழுந்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, பொதுவில் பேசுகிற மாதிரி சொன்னார்.

"மேல போற தோட்ட ஜீப்பு தெனமும் விடியக்காலம் நம்ம முக்குல நிக்கிது. வீட்டு நெனப்பு வந்தவக எப்ப வேணாலும் போயி இருந்துட்டு வரலாம். திரும்பி வரத் தோணலைன்னாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். இந்த வீட்ல வந்து ஒரு புள்ள அழுகுறதுதான் எனக்குப் பொறுக்கலை."

அழுகை நின்றது. போகட்டும் என்றல்லவா சொல்லிவிட்டார்! அப்புறம் பலகைக்குள்ளிருந்து அந்தக் குரல், யாருக்கோ சொல்வதுபோல வந்தது.

"சாரமில்ல. கஞ்சி ஆறுது. குடிச்சுட்டுக் காளவாசலுக்குப் போனா நல்லது."

அய்யா எழுந்து போய்க் கஞ்சியைக் குடித்தார். என் வேலை அன்றோடு போயிற்று.

அதற்குப்பின் அந்த இருவரும் பேசிய பேச்சு இருக்கிறதே! நேரில் எதிர்ப்பட்டால் பழையபடிதான். அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்குவாள், அவர் வானத்தைப் பார்ப்பார். அவர் கட்டிலிலும் அவள் பலகைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்துவிட்டால் போதும். "மழை வர்றாப்புல இருக்கு" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். ஏலக்காய், வீரபாண்டித் திருவிழாக் கூட்டம், மாட்டுக்கு வந்த கழிச்சல், அண்ணனின் பிடிவாதம் என்று பேச்சு ஓடும். எங்களோடு பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன்! எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஒரு கோடைமழையில் அறுத்துக் காயப்போட்டிருந்த கல் மொத்தமும் கரைந்துபோனபோது அய்யா, "சாரமில்ல" என்றாராம். வேலையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இடுக்கு விட்ட சேதி கேட்டு சம்பந்தி வெட்கப்பட்டுப்போய் மெல்லிசான மரப்பட்டைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார், இடுக்கின் மேல் அடித்து மூடிவிடலாம் என்று. சுத்தியலை எடுத்தவரை அய்யா தடுத்தார்.

"வேணாம் சம்பந்தி. காத்து வந்துட்டுப் போகட்டும்."

"தூசி வரும்ல, காளவாசத் தூசி."

"நம்ம தூசிதான" என்றார் அய்யா.

இப்போது காளவாசல் இருந்த இடத்தில் பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். அய்யா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அம்மாவும் இல்லை. மாமனாரோடு பேசக்கூடாது என்ற சட்டமும் போய்விட்டது. அண்ணனும் அவன் மருமகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து கிரிக்கெட்டுக்குச் சண்டை போடுகிறார்கள். நல்லதுதான். அந்தப் பழைய மரியாதை திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அதன் நடுவில் நின்று நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இன்ஜினியர் விளக்கி முடித்திருந்தார். செங்கல் என்றால் இத்தனை மாதம், மரச்சட்டம் என்றால் அதில் பாதி. இப்போதைய பலகைக்குக் கரையான் பயம் இல்லை, நடுவில் பஞ்சு அடைத்துவிடுவதால் சூடும் இறங்காது. அண்ணன் மகன் மதினியைப் பார்த்தான். "அம்மா, நீங்க சொல்லுங்க."

மதினிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "தம்பி, இந்தப் பலகையில அந்தப் பக்கம் பேசுறது இந்தப் பக்கம் கேக்குமா?"

"கேக்கவே கேக்காதும்மா. அதுக்கு நான் கேரண்டி" என்றார் அவர் சந்தோஷமாக.

"அப்ப எதா இருந்தா என்ன. சாரமில்ல" என்று எழுந்து கொல்லைக்குப் போனாள்.

நானும் பின்னால் போனேன். வேப்பமரத்தடியில் கட்டில் இல்லை. மதினி பலகை அறைக்குள் போய் உட்கார்ந்தாள். மேற்கே மலைக்குமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இடுக்கு வழியாக அவள் குரல் வந்தது.

"மழை வர்றாப்புல இருக்கு."

நான் வெளியே நின்றிருந்தேன். ஆமாம் மதினி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அது என்னிடம் சொன்னதில்லையே.