பொரித் தட்டாய்ப் போன மூடி

முட்டாள்தனத்தில் எனக்கு நிகர் நானே என்று ஒப்புக்கொண்டு தொடங்குவதுதான் நியாயம். நான்கு திருகாணி போட்டு இயந்திரத்தின் மேல் பூட்டியிருக்க வேண்டிய இரும்பு மூடியை மல்லாத்தி வைத்து, அதில் பொரியும் கடலையும் கலந்து, ஒரு தோட்டத்துக்கே வழங்கியவன் நான். அதற்கு முன் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இதுதான் எங்கள் வெள்ளைக்காரத் துரையின் புதுத் தொப்பி என்று சொல்லி அவர் நடப்பதுபோல் நடந்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைத்துவிட்டால் வேலையை முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் வியாதி எனக்கு அப்போதே இருந்தது.

உலகத்தையே ஆட்டிய பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா என்னையும் ரயில்வேயில் சேர்த்துவிடப் பார்த்தார். பரீட்சையில் நான் எழுதிய இங்கிலீஷைப் பார்த்துவிட்டு ரயில் தன் வழியே போய்விட்டது. அதனால் கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியானேன், அதாவது குமாஸ்தா. மரத்துப் பாலை உறையவிட்டு, உருளைகளில் கொடுத்துத் தகடாக்கும் கூடத்துக்குத் தோட்டத்தில் ஸ்டோர் என்று பேர். ஆள் எழுதுவது, எடை எழுதுவது, இயந்திரமெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, இவை என் வேலைகள். கடைசி வேலையை நாற்காலியில் இருந்தபடியே செய்துவந்தேன்.

ஆயுத பூசைக்கு ஸ்டோரைக் கழுவி, உருளைகளுக்கு மாலை போட்டு, எண்ணெய் இஞ்சினுக்கு வாழைக்கன்று கட்டுவோம். அந்த வருஷம் இஞ்சின்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. உருளைகளைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்கள் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் இருந்தன. "பல்லுக்குச் சந்தனம் வைக்காம மூடிக்கு வெச்சா பூசை யாருக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வியாகப் பட்டது. மூடியைக் கழற்றினோம். ஒவ்வொரு பல்லுக்கும் சந்தனம், குங்குமம். கழற்றிய மூடி சும்மா கிடப்பானேன் என்று சாம்பல் போட்டுத் தேய்த்து, வாழையிலை விரித்துப் பொரித் தட்டாக்கிய யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. மீந்த பொரியோடு அதை என் வீட்டுக்கு எடுத்துப் போனதும் நான்தான்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்துக்குள் உருளையைச் சுற்றவைத்து முதல் தகட்டை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பூசைக்கு முன்தினம் உறையவிட்ட பால் வேறு தொட்டியில் இறுகிக்கொண்டிருந்தது, சீக்கிரம் தொடங்கச் சொல்லித் துரையும் ஆள் அனுப்பிவிட்டார். அப்போதுதான் மூடி இல்லை என்பது இஞ்சின்காரருக்கு உறைத்தது. என் வீடு தோட்டத்தின் மறுகோடியில். போய்வர அரைமணி ஆகும், நல்ல நேரம் அதற்குள் முடிந்துவிடும். அவர் தயங்கினார். நான் தயங்கவில்லை.

"ஒருநாள் மூஞ்சியக் காட்டிக்கிட்டு ஓடட்டும்ணே. நேத்துத்தான் பொட்டு வெச்சிருக்கு, அதுக்கும் நாலு பேர் பாக்கணும்னு ஆசை இருக்காதா?"

அதற்கும் சிரித்தார்கள். உருளைக்குத் தகடு கொடுக்க நின்ற அக்காவும் சிரித்தார்.

அவரை அக்கா என்றுதான் ஸ்டோரில் எல்லோரும் கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தனியாக இருந்தார். அவர் கொடுக்கும் தகடு ஓரம் பிசகாமல் வரும். கல்லாய் இறுகிப்போன பாலைப் பக்கவாட்டில் குனிந்து தள்ளித்தான் அன்று உருளைக்குள் ஏற்ற முடிந்தது. மூன்றாவது தகடோ நான்காவதோ, முந்தானை பல்லில் சிக்கியது. பிடித்து இழுத்தார். இழுத்த கையும் போனது.

இஞ்சின்காரர் கட்டையால் பெல்ட்டைத் தட்டிவிட்ட பிறகுதான் சக்கரம் நின்றது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. எது குங்குமம் எது ரத்தம் என்று தெரியாமல் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோட்டத்தில் மருந்து கட்டும் டிரசர் வந்து துணி சுற்றினார். தோட்டத்து லோரியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வீட்டுக்கு ஓடி, பொரியைக் கீழே கொட்டிவிட்டு, மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இஞ்சின்காரர் வாங்கிப் பூட்டினார். பூட்டுவதற்கு ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம்கூட ஆகவில்லை.

விபத்து நடந்தால் ஒரு தாள் எழுத வேண்டும். அதில் காரணம் என்று ஓர் இடம் உண்டு. எழுத வேண்டியவன் ஸ்டோர் கிராணி. துரை அறைக்கு வெளியே உட்கார்ந்து நான் எழுதினேன்: தொழிலாளியின் கவனக்குறைவு. பரீட்சையில் திணறிய என் இங்கிலீஷ் அன்றைக்கு மட்டும் ஒரு பிழையில்லாமல் வந்தது.

தாளில் அக்காவின் கைநாட்டு வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். மையை நீட்டியபோது, என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லி இடது கையை நீட்டினார். அந்தக் கட்டைவிரலை நானே பிடித்துத் தாளில் அழுத்தினேன்.

துரை தாளைப் பார்த்ததும் இரண்டு முடிவு எடுத்தார். கவனமில்லாத ஆளை ஸ்டோரில் வைக்க முடியாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு மரம் சீவும் வெளிக்காட்டு வேலையும் முடியாது, ஆகவே அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். ஊர் என்று அவர் சொன்ன இடத்தை அக்கா ஏழு வயதில் விட்டு வந்தவர். அங்கே அவரை அடையாளம் தெரிந்தவர்கள் என்று யாரும் கிடையாது. அப்பா, அம்மா, புருஷன் மூன்று பேரும் இந்தத் தோட்டத்து மண்ணில்தான் கிடக்கிறார்கள். இரண்டாவது முடிவு, இனி எல்லோரும் கவனமாக இருக்கும்படி விஷயத்தைப் பெரட்டில் வாசிக்க வேண்டும் என்பது. பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. வாசிக்க வேண்டியவனும் நானே.

வாசித்தேன். இன்னாருடைய கவனக்குறைவால் இன்ன விபத்து நேர்ந்தது, மற்றவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று. எதிரே நின்ற அத்தனை பேரும் அந்த மூடியிலிருந்து என் கையால் பொரி வாங்கித் தின்றவர்கள். ஸ்டோர் பெண்கள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்கள். யாராவது ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் ஏதாவது கேலி பேசித் தப்பித்திருப்பேன். அன்றைக்கு என்னிடம் கேலி ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்கள் அன்று உருளைப் பக்கமே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. வேலை செய்யமாட்டோம் என்று சொல்லவும் இல்லை. தொட்டி கழுவினார்கள், தரை கழுவினார்கள், கழுவியதையே கழுவினார்கள். பால் வந்துகொண்டே இருந்தது. இஞ்சின் நின்றது, தகடுகளைப் புகைபோட்டு உலர்த்தும் புகைக்கூடம் வெறுமையாகக் கிடந்தது, உறைந்த பால் நாறியது. அரைமணி மிச்சம் பிடிக்கத் தொடங்கிய வேலை நாட்கணக்கில் நின்றுபோனது. ஆளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது முதலாளி ஆளுக்குச் செய்யும் தயவு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பயம் ஒருமுறை கைக்குள் புகுந்துவிட்டால் எந்த இஞ்சினாலும் அந்தக் கையை நகர்த்த முடியாது என்பதை நாறுகிற தொட்டிகளுக்கு நடுவில் நின்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் துரையிடம் போனேன். மூடி, பொரி, நல்ல நேரம், என் வேடிக்கைப் பேச்சு, நான் எழுதிய பொய் எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியாக வைத்துக்கொண்டதையும் சொன்னேன், எதற்கு என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அன்று காலை சீக்கிரம் தொடங்கச் சொல்லி ஆள் அனுப்பியது அவருக்கும் நினைவு வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. இனி மூடி பூட்டியிருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்காமல் இஞ்சினைக் கிளப்பக் கூடாது என்றார். நாளையிலிருந்து நான் ஸ்டோரில் இல்லை, வெளிக்காட்டில் பால் எடை போடப் போகலாம் என்றார். கப்பல் விஷயத்துக்கும் ஒரு வழி சொன்னார். உண்மையை எழுதிய புதுத் தாளில் அந்தப் பெண்ணின் கைநாட்டோடு ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் பழைய தாளைக் கிழித்துவிடுவார். அக்காவுக்கு ஆயா கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வராவிட்டால் கப்பல்தான்.

புதுத் தாளை நான்கு முறை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என் பெயர் கோணலாக விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. கப்பல் செய்தி யார் மூலமாகவோ அவருக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. கவனமில்லாதவள் என்று நான் பெரட்டில் வாசித்ததும் போயிருந்தது.

"அக்கா, தப்பு எம்மேலதான்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன். துரையும் ஒத்துக்கிட்டாரு. நீங்க எங்கேயும் போக வேணாம். இதுல ஒரு கைநாட்டு வெச்சாப் போதும்."

மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"மொதல்ல படிச்சுக் காட்டுங்க."