ஐந்து வினாடிக்கு ஒருமுறை

புனேயை ஒட்டிய பிம்ப்ரி தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் வேலை எனக்கு முதலில் ஆறு மாதத்துக்குத்தான். ஆறாவது மாதம் மேனேஜர் தலையசைத்தால் நிரந்தரம். இல்லையென்றால் கோயம்புத்தூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஐந்தாவது மாதம் ஒரு கண்காணிப்பு மென்பொருளை நிறுவினேன். கராடி கிளையிலுள்ள ஒவ்வொரு கருவியையும் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ‘வேலை செய்கிறாயா’ என்று விசாரிக்கட்டும் என்று அது கேட்டது. ஐந்து நிமிடம் என்று அதுவே யோசனையும் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து நிமிடத்தில் என்னென்னவோ நடந்துவிடுமே. ஐந்து வினாடி என்று போட்டேன். வரைபடத்தில் எவ்வளவு விவரம் வேண்டும் என்றதற்கு, இருப்பதெல்லாம் வேண்டும் என்றேன். கல்யாணப் பந்தியில்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

மறுநாளே கராடிக்குப் போகும் லைன் நொண்டியது. அந்தக் காலத்து ஒல்லி லைன். காலையில் அனுப்பிய மெயில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ச் சேர்ந்தது. என் திரையிலோ, லைன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கோடு உச்சியிலேயே நின்றது. என் மென்பொருள் எவ்வளவு அழகாகக் கண்டுபிடிக்கிறது என்று பெருமைப்பட்டேன். குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிராயிங் செக்‌ஷன்தான், கராடியில் உட்கார்ந்து அதே லைனில் பாட்டு இறக்குகிறார்கள். அவர்களுடைய இன்டர்நெட்டை வெட்டினேன். கோடு இறங்கவில்லை. விசாரணையை இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஆக்கினேன். லைன் படுத்தேவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாக வேண்டும் என்று மேனேஜர் கெடு வைத்தார்.

வியாழக்கிழமை டிராயிங் செக்‌ஷன் தலைவி கராடியிலிருந்து என் மேசைக்கே வந்தார். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. என் திரையில் ‘இரண்டு வினாடிக்கு ஒருமுறை’ என்றிருந்ததைப் படித்தார்.

"எங்க நெட்ட பந்த் பண்ணிட்ட, டீக் ஹை, போகட்டும். ஆனா தம்பி, லைன் எப்பலேர்ந்து படுத்துது? நீ இத வச்ச மறுநாள்லேர்ந்துதானே?"

"இதுதாங்க மேடம் படுத்ததையே காட்டிச்சு."

"தூங்குறவன ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா தட்டி, தூங்கிட்டியா தூங்கிட்டியான்னு கேட்டா அவன் எப்படிடா தூங்குவான்? ஏக் பார், ஒரே ஒரு தடவ ஆஃப் பண்ணிப் பாரேன்."

நிறுத்தினேன். திரையில் கோடு மறைந்தது. கராடியிலிருந்து தேங்கிக் கிடந்த மெயில்கள் கொட்டின. கருவிகளிடம் நலம் விசாரித்து விசாரித்தே லைனை நிரப்பியிருந்தது நான்தான். முதல் வேலையாக அவர்களுக்கு இன்டர்நெட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் மராட்டிக்காரர். குற்றவாளி நான்தான் என்பது என் ஹிந்தியில் எப்படி வந்து விழுந்ததோ, நெடுநேரம் சிரித்தார். வேலை நிரந்தரமானது. கடிதத்தின் கடைசி வரியில் மட்டும் ஒரு நிபந்தனை இருந்தது. விசாரிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடத்துக்குக் கீழே கொண்டுவருவதானால் டிராயிங் செக்‌ஷன் தலைவியின் கையெழுத்து வேண்டும்.

அவர் ஓய்வு பெறுவதற்குள் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் ஒரே பதில்தான்.

"இப்ப நல்லாத் தூங்குறான் தம்பி. விட்டுடு."