கால் சுற்றுக்கு மேல்

குரல் நன்றாகப் போகட்டும் என்றுதான் ரேடியோவுக்குப் புது ஃபில்டர் மாட்டினேன். மாட்டிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே திருநெல்வேலியிலிருந்து அண்ணன் கேட்டான்:

"ஏட்டி, வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருக்க? ஒண்ணும் விளங்கலயே."

அவன் முடிப்பதற்குள் ஹவுராவிலிருந்து தாதா, அண்ணன் முறை வைத்து நான் அப்படிக் கூப்பிடும் வங்காளி நண்பர், குறுக்கே வந்தார். "கூப் பாலோ, தீதி! ஃபைவ் நைன்!" அக்கா, ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறார். ஹவுராவில் லேத் பட்டறை வைத்திருந்த அவர்தான் பழைய செட்டு ஒன்றைப் பிரித்து அந்த ஃபில்டரை எனக்கு எடுத்துத் தந்தவர். பேசியது ஒரே குரல்தான். யாரை நம்புவது?

அது தொண்ணூறுகளின் கடைசி. பவானிபூரில் இரண்டாம் மாடியில் இருந்தோம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, எனக்கு ஒரு மத்திய அரசு அலுவலகத்தில். கல்லூரி நாளில் நானும் அண்ணனும் சேர்ந்து மோர்ஸ் படித்து, பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே ரேடியோவில் பேச அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினோம். அண்ணன் கட்டை பிரம்மச்சாரி. அம்மாவும் போன பிறகு திருநெல்வேலி வீட்டில் தனியாக இருந்தான். ஞாயிறு காலை ஆறரைக்கு நாங்கள் பேசும் அரைமணி நேரம்தான் வாரம் முழுவதற்கும் அவனுக்குப் பேச்சு. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டால், "சரிட்டி, சரிட்டி" என்று சொல்லி வைத்துவிடுவான். அவனுக்குப் போன் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபில்டர் என்பது ஒரு ஜன்னல் மாதிரி. குரலில் வேண்டிய பங்கை மட்டும் வெளியே விடும், மற்றதை நிறுத்திவிடும். புதிதாக மாட்டினால் குரல் அந்த ஜன்னலுக்கு நேரே வந்து நிற்கும்படி ஒரு சின்னத் திருகைச் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்கம் அதிகமாகத் திருப்பினால் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோலக் கனத்துவிடும், மறுபக்கம் திருப்பினால் கீச்சென்று ஆகிவிடும். இரும்பு பட்டால் அளவு மாறும் என்பதால், பிளாஸ்டிக் ஸ்வெட்டர் ஊசி ஒன்றின் முனையைத் தேய்த்து அதற்கென்று வைத்திருந்தேன். "எந்தப் பக்கமும் கால் சுற்றுக்கு மேல் போகாதே" என்று தாதா முதலிலேயே எச்சரித்திருந்தார்.

திருப்பினேன். வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம். எப்படித் திருப்பினாலும் தாதா ஃபைவ் நைன், அண்ணன் கொழுக்கட்டை. எங்கள் ரேடியோ ஆட்களிடம் இது ஒரு வியாதி. ஃபைவ் நைன் என்றால் தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்று அர்த்தம். ஆனால் 'சௌக்கியமா' என்பதைப் போல, யாருக்கும் மனம் நோகாமல் இருக்கச் சொல்லி வைப்பது அது. ஃபைவ் நைன் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் "உங்க பேரை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே தாதா மரியாதைக்குச் சொல்கிறார் என்றே முடிவு கட்டினேன்.

அப்படியும் நிச்சயமில்லை. கணவரை அடுத்த அறையில் வேறொரு ரேடியோவுடன் உட்காரவைத்து, நான் பேசுவதை டேப்பில் பிடிக்கச் சொன்னேன். போட்டுக் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. ஃபில்டர் மாட்டுவதற்கு முன் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டியதுபோல இருந்த குரலா இது? எனக்கே பெருமையாக இருந்தது. அப்படியென்றால் அண்ணனுக்கு மட்டும் ஏன் விளங்கவில்லை? ஆண்டெனாவா, அவன் செட்டா, காற்றா? மண்டை காய்ந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டதோ என்று ஃபில்டரைக் கழற்றவும் துணிந்தேன். "காலங்காத்தால அந்தப் பெட்டியோட மல்லுக்கட்டாதே" என்றார் கணவர். அவர் மீது எரிந்து விழுந்தேன்.

ஐந்தாவது ஞாயிறோ ஆறாவதோ, அண்ணன் சொன்னான்: "ஒன் கொரலக் கேக்கத்தான் வந்து உக்காருதேன். அதுவும் இல்லன்னா மெஷின மூடி வச்சிர வேண்டியதுதான்." "அப்படிச் சொல்லாதண்ணே, சரி பண்ணிருதேன்" என்றேன். குரல் உடைந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு பிசகும் இல்லாமல் சொன்னான்: "ஃபைவ் நைன், ட்டி. இப்பதான் சரியா இருக்கு. இனிமே திருகத் தொடாத."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. திருகு அசையாமல் இருக்க அதன்மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து மூடியையும் போட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு, மதினி முறையுள்ள பக்கத்து வீட்டு பௌதி கொடுத்தனுப்பிய நாரு, தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த அந்த உருண்டை, எப்படி இருந்தது என்பதிலிருந்து எல்லாவற்றையும் பேசி முடித்தேன். "ஃபைவ் நைன், ட்டி" என்றான் அண்ணன். "பிரமாதம்."

உடனே தாதா: "தீதி, எங்கே போனாய்? ஒன்றுமே வரவில்லையே!"

குனிந்து பார்த்தேன். மைக்கின் பிளக் பாதி வெளியே இருந்தது. நான் பேசப்பேசத் துள்ள வேண்டிய மீட்டர் முள்ளை நான் கவனிக்கவே இல்லை. என் குரல் வீட்டை விட்டே போகவில்லை. நான் பேசி முடிக்கும் நேரம் அண்ணனுக்கு மனப்பாடம். ஒன்றுமில்லாததற்குத்தான் பிரமாதம் என்று சொல்லியிருக்கிறான்.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு போனில் அவன் சொல்லும் "சரிட்டி" காதில் ஒலித்தது. இப்போதெல்லாம் பேங்கில், தபாலாபீஸில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று அவன் சலித்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. ஃபில்டருக்கு முந்தைய அந்தக் கீச்சுக் குரல் மட்டுந்தான் அவன் காதுக்கு எட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் போய் அதை அழகாக்கித் தொலைத்துவிட்டேன். நாற்காலியிலேயே அழுதேன்.

மறு ஞாயிறு ஆறு மணிக்கே மூடியைக் கழற்றி, நெயில் பாலிஷைச் சுரண்டி, கீச்சுப் பக்கமாகத் திருகைத் திருப்பினேன். கால் சுற்றில் நிறுத்தவில்லை. அரைச் சுற்று. பிளக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். எப்படிக் கேட்கிறது என்று கேட்டால் பொய் சொல்வான். அதனால் அதைக் கேட்கவில்லை.

"அண்ணே, ராத்திரி என்ன சாப்பிட்ட?"

தாதாதான் முதலில் அலறினார். தீதி, ஃபில்டர் போய்விட்டது, குரல் மகா மோசம், உடனே நிறுத்து. ஃபில்டர் மாட்டிய பிறகு என் குரலைப் பற்றி அவர் சொன்ன முதல் கெட்ட ரிப்போர்ட் அது. ஃபைவ் நைனெல்லாம் மரியாதைக்கு இல்லை, நிஜமாகவே சொல்லியிருக்கிறார் பாவம்.

அடுத்து அண்ணன் வந்தான்.

"மத்தியானம் வச்ச சொதி மிச்சம் இருந்துச்சு. தோசைக்கு ஊத்திக்கிட்டேன்" என்றான். பிறகு, "ஒன் கொரலக் கேட்டு எத்தன நாளாச்சுட்டி" என்றான்.

அவன் அன்று ஃபைவ் நைன் சொல்லவில்லை. நான் திருகை அங்கேயே விட்டு, அதன்மேல் நெயில் பாலிஷ் வைத்தேன்.