சாயப்பட்டறையில் ஒரு ஞானஸ்நானம்

சபையின் ஞானஸ்நானத் தொட்டியில் இன்று பிளீச்சிங் வாடை தூக்கலாக இருந்தது. வெள்ளுடையில் என் மகள் படியிறங்கிக்கொண்டிருந்தாள். அப்பா வேலை பார்த்த சாயப்பட்டறையின் வாடை அதுதான்.

அப்போது நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடியது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில், பட்டறையில் துணி அலசும் தொட்டியைக் கழுவி அதில்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அப்பா முழுகி எழுந்ததும் அன்றைய பாஸ்டர் சொன்னார்: "செங்கடலைத் தாண்டிட்டீங்க. துரத்தி வந்த பார்வோன் ராசா சேனையைத் தண்ணி மூடிருச்சுங்க. இனி நீங்க அடிமை இல்லீங்க."

தொட்டிச் சுவரில் ஊறியிருந்த சாயம் பட்டு அப்பாவின் வெள்ளைச் சட்டை சிவந்திருந்தது.

"ஏனுங்க, இது துவைச்சாலும் போகாதுங்க" என்றாள் அம்மா.

"இருக்கட்டும், கடலைத் தாண்டுன அடையாளம்" என்று அப்பா சிரித்தார்.

திங்கட்கிழமை அதே பட்டறைக்கு வேலைக்குப் போனார். அந்தக் கோடையில் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய அவரை இறக்கினார்கள். விஷவாயு தாக்கி உள்ளேயே விழுந்தார். அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அடக்கம் செய்தோம்.

இன்றைய பாஸ்டரும் செங்கடலைப் பற்றித்தான் பேசினார். பிறகு மகளை நீருக்குள் அமிழ்த்தினார். அவர் தூக்கிவிடும் முன்பே, தொட்டி விளிம்பில் மண்டியிட்டு அவள் தோளைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தேன் நான்.