வெள்ளையில் கால் வைக்காத நாய்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். மூக்கு நுனியோடு நின்றிருந்தால் எவ்வளவோ நல்லது. எனக்கு அது வாய் வழியாக வெளியே வந்துவிடும், சில நேரம் கை வழியாகவும். அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்ததே என் வாயால்தான்.

சுனாமிக்கு அடுத்து வந்த மாசி மாதம். மரக்காணம் உப்பளத்தில் அலை கொண்டுவந்து போட்ட சேற்றை அள்ளிக் கொட்டிவிட்டு, பாத்திகளை மறுபடியும் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தோம். கடலோரக் குப்பங்களில் சோறு போட ஆளில்லாமல் திரிந்த நாய்களுக்கு ஊசி போடவும், அடிபட்டதைத் தூக்கிப்போகவும் புதுச்சேரிப் பக்கமிருந்து ஒரு குழு வேனில் வந்து போகும். எங்கள் உப்புத்தண்ணி வாய்க்காலில் ஒரு பெட்டை நாய் இரண்டு நாளாகக் கிடந்தது. தவிட்டு நிறம், ஒரு காது பாதி இல்லை. நான்கு பாதமும் உப்பில் வெந்து வெடித்திருந்தன. வேன் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போனது. மூன்றாவது தடவை நான் வாய்க்காலில் இறங்கி, நாயைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டு நடுவில் நின்றுவிட்டேன்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? வேன்ல நாய் படம் மட்டும் இம்மாம் பெருசா ஒட்டிக்கினு வர்றீங்க?"

வேனிலிருந்து ஒரு மேடம் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். நான் கத்தி முடிக்கிறவரை பொறுமையாக நின்றார். "எங்க ஷெட்ல இடமே இல்லம்மா. நீங்களே ரெண்டு மாசம் வச்சிக்கிறீங்களா? மருந்து, ஊசி எல்லாம் நாங்க பார்த்துக்கறோம். நல்ல வீடா தேடிக் குடுத்துடலாம்" என்றார். முடியாது என்று சொல்ல என்னிடம் வார்த்தை மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் கத்தியே தீர்த்திருந்தேன்.

அவர் ஒரு அச்சடித்த தாளும் கொடுத்தார். கயிற்றில் நடக்கப் பழக்கவும். ஆள் மேல் தாவாமல் பழக்கவும். வீட்டுக்குள் அசிங்கம் செய்யாமல் பழக்கவும். கடைசி வரியில், எக்காரணம் கொண்டும் அடிக்கக் கூடாது. பெயரும் வைக்காதீர்கள், போகிற வீட்டில் வைப்பார்கள் என்று வாயால் சொன்னார். அதனால் நான் அதை "ஏ புள்ள" என்று கூப்பிட்டேன். அதுவும் திரும்பிப் பார்த்தது.

பாதம் ஆறுவதற்கு நல்ல தண்ணீரில் தினமும் கழுவ வேண்டும். எங்கள் தெருக்குழாயில் நல்ல தண்ணீர் ஒரு வேளைதான் வரும். "மனுஷன் குடிக்கத் தண்ணி இல்ல, இவ நாய்க்குக் கால் கழுவி உடுறா" என்று வரிசையில் நின்ற பொம்பளைகள் பேசினார்கள். எனக்கும் வாய் இருந்தது, நானும் பேசினேன். ஒரு வாரத்தில் தெருவில் பாதிப் பேரோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. நாயின் பாதம் ஆறிவிட்டது.

அது ஆறினதும்தான் வம்பு. எங்கள் வீடு உப்பளத்து ஓரத்தில் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் இறங்கினால் வரப்பு, வரப்பை விட்டால் பாத்தி. பாத்தியின் தரையை வாரக்கணக்கில் காலால் மிதித்து மிதித்துத்தான் இறுக்குவோம். அதற்குமேல் தண்ணீர் கட்டி, வெயிலில் வற்றி, உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டால் நாங்களே உள்ளே கால் வைக்கமாட்டோம். வரப்பில் நின்று, நீளக் கொம்பில் பலகை கட்டி அதால் உப்பை வாருவோம். ஒரு நாய் உள்ளே ஓடினால் போதும், நகம் பட்டு அடித்தரை கிழிந்து கருப்புச் சேறு மேலே வந்துவிடும். அந்தப் பாத்தி உப்பு முழுக்க அழுக்கு. ஏ புள்ள ஒரே வாரத்தில் மூன்று பாத்தி கெடுத்தது. கொக்கைத் துரத்தி, வாலை ஆட்டிக்கொண்டு.

உப்பளத்து மேஸ்திரி வாசலுக்கே வந்தார். "தோ பாரும்மா, இன்னொரு தரம் கால வச்சுதுன்னா குருணை மருந்துதான். அப்புறம் என்னாண்ட வந்து அழாத."

வயலுக்குப் போடுகிற விஷக் குருணை அது. சும்மா மிரட்டலும் இல்லை. முந்தின வருஷம் இரண்டு நாய்கள் உப்புக் குவியலுக்குப் பின்னால் நுரை தள்ளிச் செத்துக்கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஸ்திரியை அறைந்திருக்க வேண்டும். அவர் கொடுக்கிற வேலையில் நாங்கள் சாப்பிடுகிறோம். அவரை அறைய முடியாது. நாயை அறைந்தேன்.

அச்சடித்த தாளில் எழுதினவர்களுக்கு உப்புப் பாத்தி தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரப்பில் கூட்டிக்கொண்டு போவேன். பாத்திப் பக்கம் ஒரு கால் நீட்டினால் முதுகில் ஒன்று விழும். குச்சி எடுக்கவில்லை, கையால்தான். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. நான்காம் நாள் அடிக்க வேண்டிய தேவையே இல்லை, கையை ஓங்கினாலே போதும். பத்தாம் நாள் அதுவும் தேவைப்படவில்லை. வரப்பை விட்டு ஒரு விரற்கடை விலகாது. வழியில் மூட்டையிலிருந்து உப்பு சிந்திக் கிடந்தால்கூடச் சுற்றிக்கொண்டு வரும். "மனுஷனுக்குக்கூட இந்தப் புத்தி இல்லப்பா" என்றார் மேஸ்திரி. சிரிக்கக்கூடச் செய்தார். வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தால் அதையும் சுற்றிக்கொண்டு போனது. அதைப் பார்த்து நானும் சிரித்தேன். என்னை என்ன செய்தால் தகும்?

சித்திரை முடிவில் மேடம் வீடு பிடித்துவிட்டார். பொம்மையார்பாளையத்தில் ஈசிஆர் ஓரம் புது வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், அவர் சம்சாரம். பிள்ளைகள் வெளிநாட்டில். நாயைக் குளிப்பாட்டி, சீவி, புது கழுத்துப்பட்டை மாட்டி, மேடத்தின் வேனில் நானும் கூடவே போனேன். வழியெல்லாம் அது என் மடியில் தலை வைத்திருந்தது.

அந்த வீட்டில் வாசற்படியிலிருந்து கொல்லை வரைக்கும் வெள்ளை டைல்ஸ். கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. மதிய வெயில் உள்ளே விழுந்து தரை கண்ணைப் பறித்தது. நாய் வாசற்படி வரை வந்தது. நின்றது. ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

அந்த அம்மாள் பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டார். வரவில்லை. சார் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

"என்ன மேடம், ட்ரெய்னிங் குடுத்த நாய்னு சொன்னீங்க. வாசப்படியே தாண்ட மாட்டேங்குதே" என்றார் சார்.

வீட்டு வேலை செய்கிற பெண் அந்த அம்மாளின் காதுக்கருகே, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நாய் உள்ள வர பயப்படுதுன்னா வீட்ல ஏதோ இருக்குதும்மா" என்றாள். புதுமனை புகுந்து மூன்று மாதம் ஆகவில்லை. அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டைல்ஸ் மேல் வெயில் அடித்த விதம், எங்கள் பாத்தி பூத்துக் கிடக்கிற அதே விதம். பாத்தி எது, வீடு எது என்று அதற்கு நான் எங்கே சொல்லிக்கொடுத்தேன்? வெள்ளையாக, தட்டையாக, பளபளவென்று இருந்தால் அடி விழும். அவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுத்த பாடம். அதை அது ஒழுங்காகப் படித்திருந்தது.

அதை நான் அங்கே சொல்லவில்லை. சொன்னால், எப்படிப் பழக்கினாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதிலாக அந்த வேலைக்காரப் பெண்ணைப் பார்த்து, "உங்க வீட்ல பேய் இருந்தா நாய் இன்னாம்மா பண்ணும், நீ போய் விரட்டு" என்று கத்தினேன். மேடம் என் கையைப் பிடித்து அழுத்தினார். சார் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் உள்ளே வரவில்லையென்றால் கடையில் லாப்ரடார் குட்டி வாங்கிக்கொள்வாராம். கடைக்குட்டி பேய்க்குப் பயப்படாது போலிருக்கிறது.

திரும்பி வந்தால் மேஸ்திரி நிற்கிறார். "போகலையா? இன்னும் எட்டு நாள்ல, திங்கக்கெழம மொதலாளி வர்றாரு. நாய் கீய் எதுவும் கண்ணுல படக்கூடாது, சொல்லிட்டேன்." ஞாயிறு விட்டால் திங்கள். நாய்க்கு ஒரு வாரம் உயிர்.

வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியை வீட்டுக்குள் விரித்து, நடுவில் கருவாட்டுச் சோற்றை வைத்தேன். அது ஓரத்தில் நின்று கழுத்தை மட்டும் நீட்டியது. எட்டவில்லை. படுத்துக்கொண்டது. இரண்டு நாள் பட்டினி கிடந்தது, வேட்டி மேல் கால் வைக்கவில்லை. "தின்னேன் சனியனே" என்று நான் கத்த, அது சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"நீ தள்ளிப் போயி உக்காரு" என்றார் வீட்டுக்காரர். "நீ பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தாலே அது அடிதான்னு நெனைக்குது. அடிச்சுக் குடுத்த புத்திய நாலு நாள்ல சோறு போட்டு வாங்கிட முடியுமா?"

அவரோடும் சண்டை போட்டேன். உன் மேஸ்திரியிடம் போய் பேசத் துப்பில்லை, என்னிடம் வந்து நியாயம் பேசுகிறாயா என்று கேட்டேன். பிறகு வெளியே போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டேன். மூன்றாம் நாள், நான் வெளியே இருந்தபோது, ஒரு கால் வைத்ததாம். ஐந்தாம் நாள் இரண்டு முன்னங்கால். சனிக்கிழமை வேட்டி மேல் நின்று சாப்பிட்டதாம். எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வாசலில் எட்டிப் பார்த்தால் இறங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நான் போகாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்காரரை அனுப்பியிருக்கலாம். ஆனால் அது நான் தூக்கிவந்த நாய், நானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று பிடிவாதமாக வேனில் ஏறினேன்.

வாசற்படி. அதே வெயில், அதே தரை. சாரும் அந்த அம்மாளும் உள்ளே நின்றார்கள். மேடம் தாழ்ந்த குரலில், "யாரும் கூப்பிடாதீங்க, அதுவா வரட்டும்" என்றார். நாய் படியேறியது. வலது முன்னங்காலை டைல்ஸ் மேல் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. இடது காலையும் வைத்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அதுவாகவே போயிருக்கும், இன்றைக்கும் சொல்வேன்.

சாருக்குப் பொறுக்கவில்லை. "அட வா" என்று குனிந்து கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். அது கால்களை ஊன்றிக்கொண்டு பின்னால் சரிந்தது, பட்டை கழுத்தை நெரித்தது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கைய எடு சார்!" என்று கத்திக்கொண்டு ஓரடி முன்னால் பாய்ந்தேன். என் வலது கை மேலே போயிருந்தது. சாரைப் பார்த்துத்தான் ஓங்கினேன். சத்தியமாக அவரைப் பார்த்துத்தான்.

சார் பட்டையை விட்டுவிட்டார். நாய் என் கையைப் பார்த்தது. ஒரே தாவலாக வீட்டுக்குள் பாய்ந்து, டைல்ஸில் கால் வழுக்கி விழுந்து எழுந்து, கூடம் முழுக்க ஓடி, அந்த அம்மாளின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"வந்துடுச்சு! வந்துடுச்சுங்க!" என்று அந்த அம்மாள் கை தட்டினார். கீழே உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டார். அது அவருடைய கக்கத்தில் முகத்தைச் சொருகிக்கொண்டு நடுங்கியது. சாருக்குக் கோபம்கூட வரவில்லை. "கையைக் காட்டினதும் எப்படி ஓடி வருது பாரேன்! பிரமாதமா பழக்கியிருக்கீங்கம்மா" என்றார். மேடம் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

நான் கையைக் கீழே இறக்கினேன்.

"வெளியவே நிக்கறீங்களே, உள்ள வாங்கம்மா. ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்று அந்த அம்மாள் கூப்பிட்டார்.

வேண்டாம் என்றேன். நான் உள்ளே கால் வைத்தால் அது வெளியே ஓடிவிடும்.